பதினெட்டாவது வரியில் யாரும் இல்லை

டாம்சின் ட்ரெலோர் என்னிடம் வந்து, முதல் சுற்றில் தோற்றுவிட்டதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவளுக்கு முதல் சுற்று ஆட்டமே கிடையாது. ஆட்டப் பட்டியலில் பதினேழாவது வரியில் அவள் பெயர் இருந்தது, பதினெட்டாவது வரி காலி. எதிராளி இல்லாதவர்கள் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார்கள்; டென்னிஸில் அதை 'பை' என்பார்கள். அன்றைக்கு அவள் செய்ய வேண்டியதெல்லாம் நிழலில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்பதுதான்.

"யார்கிட்ட தோத்தே? வாழைப்பழத்துக்கிட்டயா?"

"அந்தப் பொண்ணு பேரு மறந்துபோச்சு, ஹெஸ்டர். ஆறு-நாலு, ஏழு-அஞ்சு. நான் மோசமா ஆடல. அவ இன்னும் நல்லா ஆடினா."

சிரிப்பு அதோடு நின்றது. அவளுடைய வெள்ளைச் சாக்ஸ் கணுக்கால் வரை செங்கல் நிறத்தில் இருந்தது. கழுத்தில் உப்புப் பூத்திருந்தது. ஒரு பிள்ளை இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு வந்தால் எப்படி இருக்கும் என்று இருபது வருஷமாகப் பார்க்கிறவள் நான்.

ஈஸ்டர் விடுமுறையில் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான போட்டி. பெல்ஜியத்தில் ஆர்டென் காட்டின் ஓரத்தில், மூசன் என்ற சிறிய ஊரில். இங்கிலாந்து டென்னிஸ் சங்கத்தின் சார்பில், கோச்சாக, நான் இரண்டு பெண்களை வேனில் அழைத்து வந்திருந்தேன். ஒருத்தி பிப்பா ஓக்ஷாட், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். இன்னொருத்தி டாம்சின், கார்ன்வாலில் மழை ஒழுகுகிற பள்ளிக்கூடக் கோர்ட்டில் ஆடிப் பழகியவள். அவளைப் பயிற்சிக் குழுவில் சேர்த்ததே என் பிடிவாதத்தால். மற்ற கோச்சுகள் எல்லாம், "பொண்ணு நல்ல பொண்ணு, ஆனா ஜெயிக்கிற வெறி இல்ல" என்றார்கள். இந்தப் போட்டியில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தாக வேண்டும், இல்லையென்றால் கோடைக் குழுப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். 'பை' கணக்கில் வராது.

அன்று காலை நான் பிப்பாவின் ஆட்டத்தில் மாட்டிக்கொண்டேன். மூன்று செட், மூன்று மணி நேரம், கடைசியில் தோல்வி. அந்த நேரத்தில்தான் ஒரு பெண் டாம்சினிடம் வந்திருக்கிறாள். கையில் மூன்று பந்து. "ஏழாம் கோர்ட்" என்று மட்டும் சொன்னாளாம். டாம்சின் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாள்.

"உனக்குத்தான் ஆட்டம் இல்லைன்னு காலையில சொன்னேனே. அவகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவ எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தா. இல்லைன்னு சொன்னா சங்கடமா இருக்குமேன்னு."

"பேரைத் திரும்பக் கேட்டியா?"

"ஆடறதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லிட்டா. மறுபடி கேட்டா மரியாதையா இருக்காதுல்ல."

இதைக் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஜனங்கள் அப்படித்தான். வரிசை என்று ஒன்று தெரிந்தால் எதற்கென்று கேட்காமல் கடைசியில் போய் நிற்போம். ரயில் தப்பான ஊருக்குப் போகிறது என்று தெரிந்தாலும், பக்கத்தில் இருப்பவரின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமே என்று கடைசி நிலையம் வரை போவோம். எவளோ உள்ளூர்ப் பெண் விளையாட்டாக இழுத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். சிறுவர் ஆட்டங்களுக்கு அம்பயர் கிடையாது, கோடுகளை அவரவரே பார்த்துச் சொல்ல வேண்டும். ஜெயித்தவர் பந்துகளை நடுவர் மேசையில் கொண்டுபோய்க் கொடுத்துப் புள்ளிகளைச் சொல்வார். தோற்றவருக்கு மேசைப் பக்கமே வேலையில்லை. அதனால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில், ஏழாம் கோர்ட்டைப் பார்க்கப் போனேன்.

மற்ற ஆறு கோர்ட்டுகளும் கிளப் கட்டடத்தைச் சுற்றி இருந்தன. ஏழாவது, மரங்களுக்குள் நூறடி தள்ளித் தனியாக இருந்தது. வேர்கள் ஒரு மூலையில் தரையைத் தூக்கியிருந்தன. வலை மட்டும் இழுத்துக் கட்டியிருந்தது. கம்பத்தில் தொங்கிய எண் அட்டைகள் ஆறு-நான்கு, ஏழு-ஐந்து என்று காட்டின. டாம்சின் கடைசியாக நின்று ஆடிய பாதியை அவள், தரையை நிரவுகிற வலைப்பாயால் இழுத்து, வெளியிலிருந்து உள்ளே வட்டம் வட்டமாகச் சமன் செய்திருந்தாள். ஆட்டம் முடிந்தால் உன் பாதியை நீயே இழுத்துவிட்டு வா என்று நான்தான் கற்றுக்கொடுத்தது.

மறு பாதியை யாரும் இழுக்கவில்லை. செங்கல் பொடி தூவிய களிமண் தரையில் அடையாளங்கள் அப்படியே இருந்தன. பந்து விழுந்த தழும்புகள், சறுக்கிய கோடுகள், சர்வீஸ் போட ஊன்றிய கால்கள். களிமண் தரைக்குப் போடுகிற ஷூவில் அடியில் மீன்முள் மாதிரி வரிகள் இருக்கும். பக்கம் மாறி ஆடியதில் டாம்சினின் வரித்தடங்களும் கலந்திருந்தன; ஆனால் அவற்றின் மேல் பதிந்திருந்த கால்களுக்கு வரியே இல்லை, வழவழவென்று இருந்தன. சரி, பழைய ஷூ என்று நினைத்துக்கொண்டு, அவள் எந்தப் பக்கம் போனாள் என்று அடிகளைத் தொடர்ந்து போனேன். அவை கோட்டுக்குப் பின்னால் நாலு முழம் வரை போயின. அங்கே நின்றன. கதவுப் பக்கம் ஒரு அடி கிடையாது. வேலிப் பக்கமும் கிடையாது. வந்ததற்கும் இல்லை, போனதற்கும் இல்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். வலைப்பாயை எடுத்து அந்தப் பாதியை முழுக்க இழுத்துவிட்டேன். எண் அட்டைகளைச் சுழியத்துக்குத் திருப்பினேன். அப்புறம் கை கழுவப் போனேன், இரண்டு தரம் சோப்புப் போட்டும் சிவப்பு போகவில்லை.

தலைமை நடுவர் மதாம் லெனார்ட்ஸ், கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்கவிட்டுக்கொண்டு, மேசையில் காபியும் பட்டியலுமாக இருந்தாள். நான் பதினெட்டாவது வரியில் விரலை வைத்தேன்.

"இது ஏன் காலி?"

"ஒவ்வொரு வருஷமும் காலிதான். கம்ப்யூட்டர் நிரப்பிடும், நான் கையால அழிப்பேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் அழிச்சாரு. ஏன்னு அவரை நான் கேக்கல, என்னை நீங்க கேக்காதீங்க."

"எங்க பொண்ணு நேத்து அந்த வரியோட ஆடியிருக்கா."

மதாம் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். சத்தமே வராமல் வைத்தாள்.

"ஆடினாளா? முப்பது வருஷமா அந்த வரிக்கு எதிர்ல யாரையாவது போடறோம். ஒரு பிள்ளையும் போனதில்ல. யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாம எவ போவா?"

"எங்க ஊர்ப் பிள்ளைங்க போவாங்க" என்றேன்.

"ஜெயிச்சாளா, தோத்தாளா?"

"தோத்துட்டேங்கறா."

"அப்போ விலக்கிடுங்க. மணிக்கட்டு வலின்னு எழுதறேன். இன்னிக்கே கிளம்புங்க. தோத்தவ வெளிய போயிட்டா ஒண்ணும் ஆகாது. கணக்கு நேராயிடும்."

"அவளுக்கு இது கடைசி வாய்ப்பு, மதாம்."

"எல்லாருக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காட்டு ஊர், கதை கட்டுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். ஆனால் அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. டாம்சினைக் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினால் அந்தக் கோச்சுகள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் புன்னகை செய்வார்களே, அது.

இரண்டாம் சுற்று மூன்று மணிக்கு. இரண்டரைக்கு டாம்சின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், ஷூ கட்டாமல். அவள் அம்மா கொடுத்தனுப்பிய குங்குமப்பூ பன் டப்பா மடியில் இருந்தது.

"நான் ஆட மாட்டேன், ஹெஸ்டர். நான் தோத்துட்டேன். கை குலுக்கி, 'நல்லா ஆடினே'ன்னு சொல்லியாச்சு. இப்போ போய் ஆடினா அது அவ இடத்தைத் திருடற மாதிரி."

"பட்டியல்ல அவ பேரே இல்லம்மா."

"பட்டியல்ல இல்லைங்கறதுக்காக ஜெயிச்சது இல்லைன்னு ஆயிடுமா?"

பக்கத்தில் பிப்பா உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டிருந்தாள். "லூசாடி நீ? நான் நிஜமாத் தோத்து உக்காந்திருக்கேன். உன் இடம் வேண்டாம்னா எனக்குக் குடு."

"உனக்கு எப்படிக் குடுக்க முடியும்? அது அவளோடது."

நான் நல்ல வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தேன். கோடைக் குழுவைப் பற்றிச் சொன்னேன். அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். மழையில் தினமும் நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு வந்து விட்ட அம்மா என்றெல்லாம் பேசினேன். டாம்சின் கண் கலங்கியது, ஆனால் கயிற்றைக் கட்டவில்லை. மென்மையான பிள்ளைகள் அடம் பிடித்தால் மலையை நகர்த்துவது சுலபம். மணி மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. அப்போதுதான் என் பொறுமை போனது.

"இடம் அவ்வளவு வேணும்னா அவளே வந்து ஆடட்டுமே. யாரு வேண்டாம்னா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நானாக இருந்தால் பரவாயில்லை.

டாம்சின் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நாளில் முதல் முறையாக அவள் முகம் தெளிந்தது.

"நிஜமாவா? அப்படிச் செய்யலாமா? நான் போய்ச் சொல்லிட்டு வந்துடட்டுமா?"

"போ, சொல்லிட்டு வா. அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

அவள் எழுந்து கயிறு கட்டாத ஷூவோடு மரங்களுக்குள் ஓடினாள். டப்பா பெஞ்சிலேயே இருந்தது. காலிக் கோர்ட்டைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தால் மனசு ஆறும், வந்து ஆடுவாள் என்று நான் கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டேன். குழந்தை மனதைக் கையாளத் தெரிந்தவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

மூன்றடிக்க ஒரு நிமிஷம் இருக்கையில் அவள் திரும்பி நடந்து வந்தாள். ஓடவில்லை. ஷூ கட்டியிருந்தது. என் பக்கம் திரும்பாமல், பையை எடுத்துக்கொண்டு நேரே மூன்றாம் கோர்ட்டுக்குப் போனாள்.

எதிராளி ஒரு டச்சுப் பெண், நல்ல உயரம், தரவரிசையில் நான்காம் இடம். ஆறு-ஒன்று, ஆறு-பூஜ்யம் என்று டாம்சின் ஜெயித்தாள். நாற்பத்தெட்டு நிமிஷம். அப்படி ஓர் ஆட்டத்தை அந்த வயதுப் பெண்ணிடம் நான் பார்த்ததில்லை. பந்து வருவதற்கு முன்பே அங்கே நிற்பாள். களிமண்ணில் சறுக்கக் கற்றுக்கொடுத்து மூன்று மாதமாக என் தொண்டை வற்றியது. அன்று அவள் பிறந்ததிலிருந்தே சறுக்குகிறவளாக இருந்தாள். வலையில் பட்டுப் பந்து அந்தப் பக்கம் விழுந்தால் எங்கள் பிள்ளைகள் கையைத் தூக்கி 'மன்னிக்கணும்' என்பார்கள். டாம்சின் எதிராளி அடித்த பந்து வலையில் பட்டாலும் சொல்லுவாள். அன்று ஒரு தரமும் சொல்லவில்லை. நான் கைதட்டினேன். உள்ளங்கை எரியும் வரை தட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும் பந்துகளை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். தன் பாதியை இழுக்கவில்லை. சரி, சந்தோஷத்தில் மறந்துவிட்டாள் என்று நானே வலைப்பாயோடு உள்ளே போனேன். அந்தப் பாதி முழுவதும் அடிகள். டச்சுப் பெண்ணின் வரித்தடங்களைத் தவிர மற்ற ஒன்றில்கூட வரி இல்லை.

நான் நின்றேன். டச்சுப் பெண்ணின் அப்பா வேலிக்கு வெளியிலிருந்து, "உங்க பொண்ணு பிரமாதம்" என்றார். "ரொம்ப நன்றி" என்றேன். பிறகு இழுத்துச் சமன் செய்தேன், வெளியிலிருந்து உள்ளே, வட்டம் வட்டமாக.

சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் பிப்பா என் அறைக்கு வந்தாள். அவளுக்கும் டாம்சினுக்கும் ஒரே அறை.

"ஹெஸ்டர், அவ என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடவே இல்ல. பெஞ்சுல விட்டுட்டுப் போனாளே பன் டப்பா, அதை நான் நீட்டினா, 'இது யாரோடது'ன்னு கேக்கறா."

"ஆட்டத்து நெனப்புல இருப்பா."

"அவ என்னைப் பாத்து மரியாதையாச் சிரிக்கறா. டாம்சின் என்னைப் பாத்து மரியாதையாச் சிரிச்சதே கிடையாது. நான் எதாவது சொன்னா மூக்கால சிரிப்பா, பன்னி மாதிரி." பிப்பா கதவைச் சாத்திவிட்டு அருகில் வந்தாள். "அந்தச் சிரிப்பு வரமாட்டேங்குது. நான் என்னென்னமோ சொல்லிப் பாத்துட்டேன்."

"போய்ச் சாப்பிடு பிப்பா" என்றேன். "பொறாமைப்படாதே."

அந்தக் கடைசி வார்த்தையை நினைத்தால் இன்றும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

சனிக்கிழமை கால் இறுதி. ஞாயிறு காலை அரை இறுதி, மத்தியானம் இறுதி ஆட்டம். ஒரு செட்டையும் விடவில்லை. மதாம் லெனார்ட்ஸ் கோப்பையைக் கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கொடுத்தாள். என்னிடம் மட்டும், "அடுத்த வருஷம் அந்த வரியை நிரப்பிடலாம்னு நெனைக்கிறேன்" என்றாள். அதற்குள் இங்கிலாந்திலிருந்து எனக்கு வாழ்த்துச் செய்திகள் வந்து குவிந்தன. புன்னகை செய்யக் காத்திருந்த அதே கோச்சுகள். வேன் புறப்படும்போது ஆட்களை எண்ணினேன். இரண்டு. சரியாக இருந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பும் கப்பலில் ஒரு மேசையில் அமர்ந்து அறிக்கை எழுதினேன்: 'மனோபலத்தில் வியக்கத்தக்க மாற்றம்.'

பயிற்சி மையத்தில் டாம்சினின் அம்மா லோவெனா காத்திருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். கழற்ற மறந்த ஏப்ரனோடு வந்திருந்தாள். பெண்ணைக் கட்டிப்பிடித்தாள். பிடித்த கை ஒரு விநாடி தயங்கியது. பிறகு முதுகைத் தட்டிக் கொடுத்து, காரின் கதவைத் திறந்துவிட்டாள், விருந்தாளிக்குத் திறக்கிற மாதிரி. என்னிடம், "ரொம்ப உபகாரம், ஹெஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினோரு நாள் கழித்து, நான் அடுத்த போட்டிக்குப் பெயர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, போன் வந்தது.

"தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும். வேலையா இருக்கீங்களா?"

"இல்ல லோவெனா, சொல்லுங்க."

"அவ நல்ல பொண்ணா இருக்கா. அதை முதல்ல சொல்லிடறேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கறா. யாரையும் எதிர்த்துப் பேசறதில்ல. எல்லாரும் என்னை வாழ்த்தறாங்க." அவள் மூச்சு விட்டாள். "அவ சாக்ஸைத் தினமும் தோய்க்கறேன். இங்க எங்க களிமண் கோர்ட் இருக்கு? தோய்க்கத் தோய்க்க சிவப்பா வந்துக்கிட்டே இருக்கு. புதுசு வாங்கிப் போட்டேன், அதுலயும் வருது."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுது, ஹெஸ்டர். கட்டிப்பிடிச்ச உடனே. ஆனா அத்தனை பேர் நின்னீங்க, கோப்பை வேற. அங்க வெச்சு எப்படிக் கேக்கறதுன்னு சும்மா இருந்துட்டேன். அப்புறம் அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படுமேன்னு இருந்தது. அதுவும் யாரோ பெத்த பிள்ளைதானே." அவள் குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. "நீங்க என் பொண்ணைக் கடைசியா எப்போ பாத்தீங்க?"

பொய் சொல்ல எனக்கு எல்லா வசதியும் இருந்தது. அறிக்கை இருந்தது, கோப்பை இருந்தது, படங்கள் இருந்தன.

"வெள்ளிக்கிழமை. மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருந்தப்போ. பின்னாடி மரத்துக்குள்ள ஒரு கோர்ட் இருக்கு, அங்க ஓடினா. நான்தான் அனுப்பினேன்."

"பயந்துக்கிட்டா போனா?"

"இல்ல. சந்தோஷமாப் போனா. ஷூ கயிறுகூடக் கட்டல."

அந்தப் பக்கம் அடுப்பில் எதுவோ கொதிக்கிற ஓசை கேட்டது.

"அதுக்கப்புறம் ரெண்டு நாள் அங்கதானே இருந்தீங்க" என்றாள். "அந்தக் கோர்ட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"அவ ஜெயிச்சுக்கிட்டு இருந்தா, லோவெனா" என்றேன்.